விரைவே கருணையோ? 1818ஆம் ஆண்டு ஊவாக் கிளர்ச்சியும் குடிமக்கள் உயிர்பற்றிய போர்க்கணக்கும்

1

போரில் ஆயுதமேந்தாத குடிமக்களைக் கொல்லுதல் தகுமா என்று வினவின், தகாது என விடை கூறாதார் அரியர். ஆயின் சிலரைக் கொல்வதாற் பலரைக் காப்பாற்ற முடியுமாயின் அது தகுமா என்று வினாவைச் சிறிது மாற்றியதும், உறுதியோடு விடை பகர்ந்தோரும் தயங்கத் தொடங்குவர். நவீன காலப் போர்கள் பலவற்றின் நியாயப்பாடு இத்தயக்கத்தின் மீதே எழுப்பப்பட்டுள்ளது. 1945ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிக்கப்பட்டமைக்குக் கூறப்பட்ட சமாதானம் இதற்குப் பெரிதும் அறியப்பட்ட சான்றாகும். அமெரிக்காவின் போர்ச் செயலாளராயிருந்த ஸ்டிம்சன் 1947இல் எழுதிய கட்டுரையிலே, யப்பான்மீது படையெடுத்திருந்தால் அமெரிக்கப் படையினர் மட்டிலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ இருப்பர் எனக் குறிப்பிட்டார். 1955இல் வெளிவந்த ட்ரூமனின் நினைவுக் குறிப்புகளில் அது ஐந்து இலட்சம் அமெரிக்க உயிர்கள் என்றாயிற்று. குண்டு வீசப்படுவதற்கு முன், 1945 யூன் மாதத்தில், படைத்துறைத் திட்டக்குழு ஒன்று கணித்த இறப்புத் தொகை ஐம்பதாயிரத்துக்கும் குறைந்ததேயாகும். காப்பாற்றப்பட்டனவாகக் கூறப்படும் உயிர்களின் தொகை போர் முடிந்த பின்னரும் வளர்ந்து செல்லக்கூடியது என்பதை இது காட்டுகின்றது.

இப்பிரச்சினையை ஒழுக்கவியல் நூல்களிற் காணப்படும் கற்பனை எடுத்துக்காட்டுகளைக் கொண்டு ஆராய்வது நமது நோக்கமன்று. அத்தகைய எடுத்துக்காட்டுகளில் எண்கள் முன்கூட்டியே தரப்பட்டிருக்கும். அவற்றைத் தந்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. வரலாற்றிலோ எண்களும் ஒருவரால் ஆக்கப்படுவன. எனவே, கணக்கிட்டவர் யார், கணக்கிடப்பட்டவர் யார் என்பன தெளிவாகத் தெரியும் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வது பயனுடைத்து. பதுளையை மையமாகக் கொண்ட ஊவாப் பிரதேசத்தில் 1817-18ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த கிளர்ச்சியும் அதனைப் பிரித்தானியர் அடக்கிய முறையும் அத்தகையனவாம்.

2

1815 மார்ச் 2ஆம் நாள் கைச்சாத்தான ஒப்பந்தத்தின் மூலம் கண்டி இராச்சியம் பிரித்தானிய முடியின் கீழ் வந்தது. நாயக்கர் வம்சத்து இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டான். இரண்டு ஆண்டுகள் கழிந்து, நாடுகடத்தப்பட்ட மன்னனின் உறவினனான துரைசாமி எனத் தன்னைக் கூறிக்கொண்ட ஒருவன் வெல்லசவில் தோன்றினான். அவன் முன்னர் பிக்குவாயிருந்த விலபாவே என்பவன். நூறாயிரம் வயல்கள் என்று பொருள் கூறப்படும் வெல்லசவில் ஒரு பொய் உரிமையாளனைச் சூழ மக்கள் திரண்டனர் என்பது, உரிமையாளனைக் காட்டிலும் அம்மக்களின் நிலையைப் பற்றியே நமக்கு அதிகம் கூறுகின்றது. செய்தி விசாரிக்கப் பதுளையிலிருந்து சென்ற அரசாங்கப் பிரதிநிதி வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்குமாறு அனுப்பப்பட்ட ஊவாவின் திசாவை கெப்பிட்டிப்பொல, தம்மிடமிருந்த ஆயுதங்களைப் பிரித்தானியரிடம் திருப்பியனுப்பிவிட்டுக் கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்டார்.

தேசாதிபதி றொபேட் பிரவுண்றிக் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். ஊவாவிற் படைத்தலைமை ஏற்றவர் மேஜர் மக்டொனால்ட். பரணகமவில் அவர் அமைத்த அரண் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. சென்னையிலிருந்து மேலதிகப் படைகள் வரவழைக்கப்பட்டன. காட்டையும் மலையையும் அரணாகக் கொண்டு போரிடுவோரை நேர்ப்போரில் வெல்ல முடியாதென்பது விரைவிற் புலனாயிற்று. அதன் பின்னர் போரின் இலக்கு மாறியது. கிளர்ச்சியாளரைத் தேடுவதை விடுத்து, அவர்களுக்குச் சோறிடும் கிராமங்களை நோக்கிப் படைகள் திரும்பின. வீடுகள் எரியூட்டப்பட்டன, நெற்களஞ்சியங்கள் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கவரப்பட்டன, பயன்தரு மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. கடலோரத்திலிருந்து உப்பு வரும் வழியும் அடைக்கப்பட்டது. உழவு மாடு போயின் அடுத்த போகத்துக்கு ஏர் பூட்ட இயலாது. ஆண்டுகள் பல சென்று காய்த்த பலாவை வெட்டின், அடுத்த தலைமுறையின் பஞ்சகால உணவும் அதனோடு போகும். ஆகவே இங்கு அழிக்கப்பட்டது அவ்வாண்டு விளைச்சல் மட்டுமன்று. அடுத்துவரும் ஆண்டுகளில் விளைவிக்கும் ஆற்றலும் அழிக்கப்பட்டது.

1818 ஒற்றோபரில் கெப்பிட்டிப்பொல பிடிபட்டார்; நவம்பர் 26ஆம் நாள் கண்டியில் அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. படை மருத்துவரான ஹென்றி மார்ஷல் அவருடைய மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுசென்றார். அங்கு அது மண்டையோட்டியற் சங்கமொன்றின் காட்சிப்பொருளாயிற்று.

இறந்தோர் எத்துணையர்? பிற்காலப் பரப்புரைகளிற் பெருகிச் சென்ற எண்களை நாம் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. பிரித்தானியப் படையைச் சேர்ந்த மருத்துவரும் 1816 முதல் 1820 வரை இலங்கையிற் பணியாற்றியவருமான யோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலிலுள்ள மதிப்பீடே போதுமானது. தம் தரப்பில் இறந்தோர் ஏறத்தாழ ஆயிரவர் என்றும், கண்டி மக்களுள் போரினாலும் தண்டனையினாலும் நோயினாலும் பசியினாலும் மாண்டோர் அதனிற் பத்து மடங்கினராய்ப் பதினாயிரவர் வரை இருக்கலாம் என்றும் அவர் கருதினார். போர் முடிந்த மறு ஆண்டிலே ஊவாவினூடாகப் பயணஞ் செய்தபோது, பாழ்பட்ட வீடுகளையும் கைவிடப்பட்ட வயல்களையும் அவர் நேரிற் கண்டார்.

3

இச்செயலுக்குப் பின்னால் நின்ற தருக்கம் எளியது. கிளர்ச்சி நீடிக்கும் ஒவ்வொரு மாதமும் இரு தரப்பிலும் உயிர்களைக் கொள்ளும். கடுமை போரை விரைவில் முடிக்கும். ஆதலின் கடுமையே இறுதியிற் கருணையாகும். காலனித்துவப் போர்கள் யாவற்றிலும் இத்தருக்கம் ஏதோவொரு வடிவில் இடம்பெறுவதைக் காணலாம். பின்னர் அது சட்ட வடிவமும் பெற்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863இல், பிரான்சிஸ் லீபர் வகுத்த படைத்துறை விதிக்கோவை பல வகையில் முன்னேற்றமானது எனப் போற்றப்படுவது. அதுவே, போரை எவ்வளவு தீவிரமாக நடத்துகிறோமோ அவ்வளவுக்கு மனிதகுலத்துக்கு நன்று என்றும் கூறுகின்றது. விரைவிற் பணியவைக்கும் பொருட்டு ஆயுதமேந்தியோரோடு ஏந்தாதோரையும் பட்டினிபோடலாம் என்றும் அனுமதிக்கின்றது. மக்கள் உயிர்வாழ்வதற்கு இன்றியமையாத பயிர்கள், கால்நடைகள், நீர்நிலைகள் ஆகியவற்றை அழிப்பதும் பட்டினியைப் போர்முறையாகக் கொள்வதும் சர்வதேசச் சட்டத்தில் வெளிப்படையாகத் தடைசெய்யப்படுவதற்கு 1977ஆம் ஆண்டு ஜெனீவா மேலதிக உடன்படிக்கைகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தருக்கம் எக்காலத்துக்கும் பொதுவானதா? இவ்விடத்தில் நமது பண்டை இலக்கியத்தை நோக்குதல் பொருத்தமாகும். பகைவர் நாட்டை எரியூட்டுதல் தமிழ்ப் புறத்திணை மரபு அறியாததன்று. தொல்காப்பியம் வஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக எரிபரந்தெடுத்தலைக் கூறும். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய இரு பாடல்கள் ஒருங்குவைத்து நோக்கத்தக்கன. புறநானூற்று ஒன்பதாம் பாடலில், அம்பு விடுமுன் ஆக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் புதல்வரைப் பெறாதோரும் அரணுள் புகுமாறு அறிவிக்கும் அறநெறியாளனாக அம்மன்னன் போற்றப்படுகின்றான். அறப்போர் பற்றிப் பேசுவோர் எடுத்துக்காட்டத் தவறாத பாடல் இது. ஆயின் அதே புலவர் அதே மன்னனைப் பாடிய பதினைந்தாம் பாடலில், பகைவரின் விளைவயல்களில் அவன் குதிரைகள் பாய்கின்றன. காவலுடைய நீர்நிலைகளில் அவன் யானைகள் படிகின்றன. நல்ல அரண்கள் கழுதை பூட்டி உழப்படுகின்றன.

இவ்விரு பாடல்களும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றலாம். ஆனால் முதற் பாடலிற் காக்கப்படுவோர் பட்டியலை மீண்டும் நோக்கின் முரண்பாடு பெருமளவு மறையும். உழுதுண்போர் அப்பட்டியலில் இல்லை. வயலும் நீர்நிலையும் மன்னனின் வலிமைக்கு ஊற்றாதலின் அவை தாக்குதற்குரியன. அவற்றை நம்பி வாழ்ந்தவனைப் பற்றிப் பாடல் பேசவில்லை. இருப்பினும் ஒரு வேறுபாடு மனங்கொளத்தக்கது. பெருவழுதி வயலை அழித்தது பகைவர் குடிகளின் உயிரைக் காப்பதற்காகவே என்று நெட்டிமையார் கூறவில்லை. அழிவு அங்கு அழிவாகவே, மன்னனின் ஆற்றலாகவே பாடப்படுகின்றது. அழிக்கப்படுவோரின் நன்மைக்கே அழிக்கிறோம் என்ற கூற்று பிற்காலத்தது.

அது பிற்காலத்தில் வலுப்பெற்றமைக்குச் சமூகக் காரணம் உண்டு. இன்பத்தையும் துன்பத்தையும் கூட்டிக் கழித்து அறத்தை நிர்ணயிக்கலாம் என்ற பெந்தத்தின் கோட்பாடு 1789இலும், மக்கட்டொகையையும் உணவையும் எதிரெதிரே நிறுத்திய மால்தஸின் நூல் 1798இலும் வெளிவந்தன. எல்லாப் பொருளையும் ஒரே அளவுகோலால் அளந்து பரிமாற்றஞ் செய்யும் முதலாளித்துவச் சமுதாயம் உயிரையும் அவ்வாறு அளக்கக் கற்றுக்கொண்டது. ஓர் உழவனின் உயிர் இன்னோர் உயிரோடு பரிமாறத்தக்க அலகாக மாறினாலன்றி, இத்தனை பேரைக் கொன்று அத்தனை பேரைக் காத்தோம் என்று கூற இயலாது.

4

இவ்வாதத்தை வெறும் பாசாங்கு என ஒதுக்கிவிடுவது எளிது; ஆனால் நேர்மையாகாது. போரிற் குடிமக்கள் எவரும் இறவாதவாறு காத்தல் பெரும்பாலும் இயலாததென்பதும், போர் நீடிப்பது உண்மையில் அதிக உயிர்களைக் கொள்ளக்கூடுமென்பதும் மறுக்கமுடியாதன. ஆகவே கணக்கிடுதலே தவறு என்று கூறுவதை விடுத்து, ஊவாவில் அக்கணக்கு எவ்வாறு அமைந்திருந்தது என்று நோக்குவோம்.

முதலாவதாக, படைகள் பொருதும்போது இடையிற் சிக்கி மக்கள் இறப்பதும், மக்களின் பசியையே ஆயுதமாகக் கொள்வதும் ஒன்றல்ல. முன்னையதில் இறப்பு தவிர்க்க விரும்பப்பட்டது. பின்னையதில் இறப்பும் துயரும் நிகழ்ந்தாலன்றித் திட்டம் நிறைவேறாது. பசியால் வாடும் குழந்தையைக் கண்டு தந்தை காட்டினின்றும் இறங்கிவர வேண்டுமென்பதே 1818ஆம் ஆண்டு நடவடிக்கைகளின் பொறிமுறையாகும்.

இரண்டாவதாக, கணக்கில் இரு நிரைகளே எழுதப்பட்டன. ஒன்று, நீடித்த போர். மற்றையது, விரைவான கொடும்போர். மூன்றாவது ஒரு நிரையும் இருந்தது. ஊவாவை விட்டு நீங்குதல், அல்லது மக்களின் குறைகளைக் கேட்டு இணங்குதல் என்பதே அது. அந்நிரை எழுதப்படவேயில்லை. ஏனெனின் பேரரசின் இருப்பு வாதத்துக்குரிய பொருளாகவன்றி, வாதத்தின் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்பட்டது. கண்டி நாட்டினுள் நாம் புகாதிருந்திருக்கலாமே என்ற கழிவிரக்கத்தை, இவ்வழிவுகளை விவரித்தபின் டேவியே வெளியிட்டுள்ளார். பேரரசின் ஊழியர் ஒருவர், தம் அரசு எழுத மறுத்த நிரையைத் தம் நூலில் எழுதிவிட்டார் எனலாம். 1945இலும் இதுவே நிலை. குண்டா, படையெடுப்பா என்ற இரண்டே வழிகள் முன்வைக்கப்பட்டபோது, நிபந்தனையற்ற சரணாகதி என்ற கோரிக்கையைத் தளர்த்தும் வழி கணக்கினின்றும் விலக்கப்பட்டது.

மூன்றாவதாக, கணக்கு எப்போது முடிக்கப்படுகின்றது என்பதும் ஓர் அரசியல் முடிவாகும். 1818 நவம்பரில் பிரித்தானியர் கணக்கை மூடினர். ஊவாவின் உழவனுக்கு அது மூடப்படவில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலம், வேறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, முடிக்குரியது என அனுமானித்தது. உழுவதற்கு மாடும் ஆளும் இழந்த கிராமம் அத்தகைய சட்டத்தின் முன் எந்நிலை எய்தும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. 1818இன் அழிவையும் பெருந்தோட்டங்களின் தோற்றத்தையும் ஒரே கோட்டில் இணைத்துவிடுதல் வரலாற்றுப் பிழையாகும். தோட்டங்கள் பெரும்பாலும் உயர்நிலக் காடுகளிலும் புல்வெளிகளிலும் சேனை நிலங்களிலுமே திறக்கப்பட்டன. ஆயினும் நிலத்தின் மீதான தன் உரிமையை வாதாடி நிலைநாட்டும் வலுவை ஊவாக் கிராமம் போரில் இழந்திருந்தது என்பதில் ஐயமில்லை. கோப்பியும், 1869இன் பின் இலைநோயினால் அது அழிய அதனிடத்துக்கு வந்த தேயிலையும், ஊவாவின் நிலவுருவையே மாற்றின. 1890இல் லிப்டன் தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924இல் புகையிரதம் பதுளையை அடைந்தது.

அத்தோட்டங்களுக்கு உழைப்பாளராகக் கொணரப்பட்டோர் தமிழகத்து உழவரும் நிலமற்றோருமாவர். அவர்களைப் பெயர்த்ததும் பசியே. 1876-78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது தானிய ஏற்றுமதி தொடர்ந்தது; நிவாரண வேலைத்தலங்களிற் கூலியுணவு குறைக்கப்பட்டது. இன்று மிகுதியாக உண்பித்தால் நாளை மேலும் பலர் பட்டினி கிடப்பர் என்ற மால்தஸியச் சிந்தனை ஆட்சியாளரிடம் செல்வாக்குற்றிருந்தது. சிலரின் சாவைப் பலரின் நன்மையாகக் காட்டும் அதே கணக்கு இங்குச் சமாதான காலத்திற் செயற்பட்டது. பசறையிலும் மடுல்சீமையிலும் ஹப்புத்தளையிலும் மலைச்சரிவின் கீழே வயல் கிராமமும் மேலே லயன் காம்பராக்களும் அருகருகே அமைந்திருப்பதைக் காண்கிறோம். ஒன்று பசியால் வீழ்த்தப்பட்டவரின் வழித்தோன்றல்களுக்கு உரியது. மற்றையது பசியால் துரத்தப்பட்டவரின் வழித்தோன்றல்களுக்கு உரியது. இவ்விரு சாராரையும் எதிரெதிரே நிறுத்தி, 1818இன் துயரைத் தோட்டத் தொழிலாளருக்கு எதிரான குற்றச்சாட்டாகத் திரிக்கும் போக்கு, பேரரசின் கணக்கை மறுக்கவில்லை. அதனைத் தொடர்ந்து எழுதுகின்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றோராக்கியபோது, அக்கணக்கின் புதிய பக்கமொன்று திறக்கப்பட்டது.

5

பேரரசை இவ்வாறு விமரிசிப்பது நமக்கு எளிது. ஒடுக்கப்பட்டோர் தரப்பு இதே கணக்கைக் கையிலெடுக்கும்போது நாம் என் செய்கிறோம் என்பதே கடினமான வினா. 1817இல் கிளர்ச்சியாளரும் இதனின்று முற்றாக விலகி நிற்கவில்லை. பிரித்தானியரால் வெல்லசவில் முகாந்திரமாக நியமிக்கப்பட்ட ஹாஜி மரிக்கார் அவர்களாற் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரை ஆட்சியின் கருவி எனலாம். ஆயின் ஒருவரைக் கருவியெனக் கொல்வதற்கும் அவரது சமூகம் முழுவதையுமே கருவியாகக் கருதுவதற்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறுகியது. 1985 மே 14ஆம் நாள் அநுராதபுரத்திற் கொல்லப்பட்ட சிங்களப் பொதுமக்களும், 1990 ஓகத்து 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் கொல்லப்பட்ட முஸ்லிம்களும் அத்தூரம் கடக்கப்பட்டமைக்குச் சாட்சிகள். தமிழ் மக்களைக் காப்பதற்கு இது தேவையாயிற்று என்று அன்று நியாயங் கூறியவருள் முற்போக்காளரும் இருந்தனர்.

2009இல் முள்ளிவாய்க்காலில் முடிவடைந்த இறுதிப்போரை அரசு மனிதாபிமான நடவடிக்கை என்று பெயரிட்டழைத்தது. பொதுமக்களை மீட்கும் நடவடிக்கை எனக் கூறப்பட்ட அதில், நாற்பதினாயிரம் வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது. தப்பிச்செல்ல முயன்ற மக்களை விடுதலைப் புலிகள் தடுத்தனர் என்றும் சுட்டனர் என்றும் அதே அறிக்கை கூறுகின்றது. விரைவாக முடிப்பதே கருணை என்று ஒரு தரப்பும், மக்களை அரணாக நிறுத்தினால் இனம் காக்கப்படும் என்று மறுதரப்பும் கணக்கிட்டன. கணக்கிடப்பட்டோர் இரண்டிலும் ஒருவரே; அவர்களை எவரும் கேட்கவில்லை.

குறிக்கோள் வழிமுறையை நியாயப்படுத்தும் என்ற கூற்று மார்க்சியர் மீது அடிக்கடி சுமத்தப்படுவது. இவ்வினாவை 1938இல் ஆராய்ந்த ட்ரொட்ஸ்கி, குறிக்கோளும் நியாயப்படுத்தப்பட வேண்டியது என்றும், மக்களின் விடுதலைக்கு உண்மையில் இட்டுச்செல்லும் வழிமுறைகளே ஏற்கத்தக்கன என்றும் வாதிட்டார். அவருடைய சொந்த அரசியல் வாழ்வு இவ்வளவுகோலுக்கு எப்போதும் நின்றுபிடித்தது என நாம் கூறமாட்டோம். எனினும் அளவுகோல் பயனுடையது. மக்கள் தம் வரலாற்றைத் தாமே ஆக்குவதே விடுதலையாயின், அம்மக்களைச் செலவிடத்தக்க எண்ணாக மாற்றும் வழிமுறை அவ்விடுதலைக்கு இட்டுச்செல்ல இயலாது. ஒழுக்க விதியொன்றை வானத்திலிருந்து வருவித்து நாம் இதனைக் கூறவில்லை. ஊவாவின் அனுபவம் காட்டுவது இதுவே: எண்ணப்படுவோர் எண்ணுவோராக இல்லாத இடத்தில், பலரைக் காத்தோம் என்ற கூற்றைச் சரிபார்ப்பதற்கு எவருமிலர்.

கிளர்ச்சியின் தலைவர் பத்தொன்பதின்மரைத் துரோகிகள் எனப் பிரவுண்றிக் 1818 சனவரியில் வெளியிட்ட அறிவித்தல் 2016இல் நீக்கப்பட்டு, அவர்கள் தேசிய வீரராக அறிவிக்கப்பட்டனர். கெப்பிட்டிப்பொலவின் மண்டையோடும் சுதந்திரத்தின் பின் எடின்பரோவினின்றும் மீண்டது. இவை வேண்டியனவே. ஆயின் டேவி மதிப்பிட்ட பதினாயிரவரிற் பெரும்பாலோர் பெயரற்றவராகவே உள்ளனர். வெல்லசவினதும் பரணகமவினதும் கிராமங்களில் வழங்கும் வாய்மொழி மரபுகளையும் குல மரபுக் கதைகளையும், அவற்றோடு ஊவாத் தோட்டங்களில் முதியோர் நினைவிலுள்ள பஞ்சகாலக் கதைகளையும் தொழிற்பாடல்களையும் ஒருங்கே சேகரித்து, சிங்கள ஆய்வாளரும் தமிழ் ஆய்வாளரும் இணைந்து ஆராய்தல் வேண்டும். இரு மொழிகளிலும் உள்ள இச்சான்றுகளை ஒருசேர வைத்து நோக்கும் முயற்சி இனித்தான் முழுமையாகத் தொடங்கப்பட வேண்டியுள்ளது. நினைவிலுள்ளோர் குறைந்துவரும் இவ்வேளையில் அதனைத் தாமதித்தல் தகாது.